மருத்துவச்சியின் கை

நம்முடைய கதைகளில் பிரசவம் என்றால் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்கு மனப்பாடம். கணவன் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் உலாவுவான். மாமியார் சுவாமி விளக்கைத் தூண்டிவிட்டு எந்தத் தெய்வத்துக்கோ காசு முடிந்து வைப்பாள். உள்ளேயிருந்து ஓர் அலறல், பிறகு நிசப்தம், பிறகு குழந்தையின் அழுகுரல். கதவு திறக்கும். யாரோ ஒருத்தி தலையை நீட்டி, ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடுவாள். அந்த 'யாரோ ஒருத்தி'க்குக் கதாசிரியர்கள் பெயர் வைப்பதில்லை. கதை முழுவதும் தாழ்வாரத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? வலி எடுப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து, வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்து, "தலை கீழே வந்துடுச்சு, பயமில்லே" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை வாங்கிக்கொண்டு போனாளே, அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்க்க முடியாததைக் கையால் பார்க்கும் இந்த வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் ஒருவரும் வருகிறார். திண்டிவனத்தில் ஓர் இரவும் வருகிறது. ஆனால், வித்தை இன்னதென்று தெரியாமல் அதன் கதையைச் சொல்வதில் சுவாரஸ்யமில்லை.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் படூரில் இருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில், கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது படூர். இப்போது அந்தச் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்கு மாடிக் கட்டடங்களுமாக, பழைய கிராமம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விஷயத்தைச் சொன்னதும் பேத்தியைக் கூப்பிட்டு ஒரு தேங்காய் கொண்டுவரச் சொன்னார். தலையணை உறைக்குள் பஞ்சைத் தள்ளி அந்தத் தேங்காயை ஒரு கோடியில் வைத்தார். மறு கோடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். தலையணையை என் முன்னால் வைத்து, "தம்பி, கண்ணை மூடிக்கினு தொடுங்க. எது தலை, எது இடுப்பு, சொல்லுங்க" என்றார்.

சுலபம்தான். தேங்காய் கெட்டியாக, உருண்டையாக இருந்தது. துண்டு மெத்தென்று, உருவம் தெரியாமல் இருந்தது. "இதுதானா?" என்றேன்.

"இதுல வயிறு இல்லே, தண்ணி இல்லே, பயம் இல்லே" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

பிறகு நான்கு பிடிகளையும் விவரித்தார். முதலில், படுத்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் வயிற்றின் மேல்பாகத்தை அணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது தலையா, பிருஷ்டமா என்பது முதல் கேள்வி. கெட்டியாக இருப்பது மட்டும் அடையாளமில்லை. தலையை விரலால் மெல்லத் தட்டினால் அது மட்டும் தனியாக ஆடும். ஏனென்றால் கழுத்து இருக்கிறது. பிருஷ்டத்தைத் தட்டினால் உடம்பு முழுவதும் சேர்ந்து அசையும். இரண்டாவது பிடியில் கைகள் வயிற்றின் இரு பக்கங்களுக்கும் இறங்கும். ஒரு பக்கம் பலகை மாதிரி வழவழவென்று நீளமாக இருந்தால் அது முதுகு. மறுபக்கம் முண்டும் முடிச்சுமாகக் கையில் தட்டுப்பட்டு நழுவினால் அவை கை கால்கள். முதுகு எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் இருதயத் துடிப்பைக் கேட்க எங்கே காதை வைப்பது என்று தெரியும். மூன்றாவது, ஒரே கையால் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே, கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பது. அங்கே உள்ள பாகம் ஆடுகிறதா, அசையாமல் நிலைத்துவிட்டதா? நான்காவதில் நர்ஸ் திரும்பி நின்றுகொள்கிறாள். இப்போது அவள் பார்வை பெண்ணின் பாதங்களை நோக்கி. இரண்டு கைவிரல்களும் இடுப்பெலும்பின் வாசலை நோக்கிச் சரிந்து இறங்கும். தலை எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதற்கு விரல்கள் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதே அளவு.

இதற்கெல்லாம் இரண்டு நிமிஷம் ஆகும். செலவு ஒன்றுமில்லை.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஏழாவது மாதத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலாகத்தான் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அவை தாமே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிடும். பிரசவ காலத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்குதான் திரும்பாமல் நிற்கும். ஏறத்தாழ முந்நூறில் ஒன்று குறுக்கே படுத்திருக்கும். பிருஷ்டம் முன்னே வரும் குழந்தை சிரமப்பட்டாவது பிறக்கும். குறுக்கே கிடக்கும் குழந்தை பிறக்க வழியே கிடையாது. வெளியேயிருந்து உதவி வந்தால் உண்டு. இல்லாவிட்டால் தாயும் போய்விடுவாள், பிள்ளையும் போய்விடும்.

சுசுருத சம்ஹிதையில் வழி தவறிய கர்ப்பத்துக்கு மூடகர்ப்பம் என்று பெயர். அதை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: கீலம், பிரதிகுரம், பீஜகம், பரிகம். கடைசி வகை குறுக்கே படுத்த குழந்தை. பரிகம் என்றால் கதவுக்கு உட்புறம் குறுக்கே போடும் கணையமரம். யாரோ ஒரு வைத்தியர், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால், பூட்டிக்கொண்ட கதவின் முன் செய்வதறியாது நின்ற பிறகுதான் இந்தப் பெயரை வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கணையமரத்தை எப்படி நிமிர்த்துவது, கால் முன்னே வந்தால் எப்படி இழுப்பது என்றெல்லாம் அதே நூலில் யோசனைகள் இருக்கின்றன. பிரசவத்துக்குத் துணையாக நான்கு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் வயது முதிர்ந்தவர்களாக, தேர்ந்தவர்களாக, நகம் வெட்டியவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த நகத்தைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிமிர்த்த முடியாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சம்ஹிதையில் தேட வேண்டியதில்லை. நம் கிராமத்துச் சாலையோரங்களிலேயே பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டு வைத்திருப்பார்கள். சுமைதாங்கி என்று பெயர். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது அது. அவள் இறக்க முடியாமல் கொண்டுபோன சுமைக்கு ஈடாக ஊரார் சுமையை அந்தக் கல் இறக்கித் தருகிறது. உலகத்தில் எத்தனையோ ஞாபகச் சின்னங்கள் இருக்கின்றன. இவ்வளவு உபயோகமானதும் இவ்வளவு துக்கமானதும் வேறு உண்டோ? மோட்டாரும் லாரியும் வந்து தலைச்சுமை மறைந்தது. சாலையை அகலப்படுத்தியபோது பல கற்களும் மறைந்தன.

இனி, மருத்துவச்சிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பரம்பரை மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். 1909-இல் எட்கார் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய தொகுதியிலும் இது பதிவாகியிருக்கிறது. கணவன் கத்தியும் களிம்பும் வைத்திருந்தான்; மனைவி பிரசவம் பார்த்தாள். அந்த ஜாதிக்கே மருத்துவர் என்று ஒரு பெயர் இருப்பதை நாம் மறந்துவிட்டோம். மற்ற நாளில் அவளைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்துகிற வீடு, அந்த ஒரு நாள் மட்டும் வீட்டின் உள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போகும். வீட்டு மருமகளின் உடம்பில் தாலி கட்டியவனைத் தவிர வேறு யாரும் தொடாத இடத்தை அவள் தொடுவாள். பிள்ளை பிறந்த பிறகு தீட்டுக் கழித்து, நெல்லும் புடவையும் கொடுத்து, மறுபடியும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதைப் பற்றி யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அவளுடைய கையில் ஞானமும் இருந்தது, எமனும் இருந்தான். எண்ணெய் தடவி வயிற்றை நீவி, பிள்ளை கிடக்கும் வாகை அறிந்த கை அது. நாற்பது ஐம்பது வருஷம் நூற்றுக்கணக்கான வயிறுகளைத் தொட்டுப் பழகிய விரல்களுக்கு எந்தக் கல்லூரியும் ஈடாகாது. ஆனால் வலி நீண்டுகொண்டே போனால், அதே கையைக் கழுவாமல் உள்ளேயும் விடுவாள். தொப்புள் கொடியைக் கிடைத்த கத்தியால் அறுப்பாள். சுசுருதர் சொன்ன நகம் வெட்டும் விஷயம் சமஸ்கிருதத்தில் இருந்தது. அவளுக்கு அதைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. பிரசவ ஜன்னியில் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தவர்களும் இல்லை.

இதைக் கேட்டு, படிப்பில்லாதவள் அப்படித்தான் செய்வாள் என்று நினைக்கிறவர்கள் வியன்னா நகரத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். 1840களில் அங்கே மிகப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதில் இரண்டு பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள்; மற்றொன்றில் மருத்துவச்சிகள். 1846-இல் டாக்டர்கள் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஜன்னியால் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் மூன்று பேர்கூட இல்லை. ஏழைப் பெண்கள் காலைப் பிடித்துக்கொண்டு, எங்களை இரண்டாவது பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஸெம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர். மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துப் பாடம் படித்துவிட்டு, அதே கையோடு வந்து பிரசவ வேதனையில் கிடந்தவர்களை உள்ளே விரல் விட்டுப் பரிசோதித்தார்கள். 1847-இல் அவர் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவச் சொன்னார். மரணம் சரசரவென்று இறங்கியது. பெரிய பெரிய பேராசிரியர்கள் அவரைப் பரிகாசம் செய்தார்கள். கனவானுடைய கை அசுத்தமாக இருக்க முடியுமா என்ன! 1865-இல், 47 வயதில், பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றில் ஸெம்மல்வைஸ் இறந்துபோனார்.

இங்கேதான் டிரெஸ்டன் டாக்டர் வருகிறார். கிறிஸ்டியன் கெர்ஹார்ட் லியோபோல்டு 1883-இல் டிரெஸ்டன் நகரத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். மருத்துவச்சிகளைத் தயார் செய்யும் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் தமக்குத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். கையைக் கழுவச் சொல்கிறோம். கழுவுகிறார்களா என்று ஒவ்வொரு கிராமத்திலும் போய் யார் பார்ப்பது? கையை உள்ளே விடாமலேயே பிரசவத்தைக் கவனிக்க முடியாதா? உள்ளே விரல் விட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்களில் எவ்வளவை வெளியே வயிற்றின் மேல் கை வைத்தே தெரிந்துகொள்ளலாம்? 1890-இலும் 1894-இலும் சகாக்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைகளின் சாரம் இதுதான். உள்பரிசோதனையைக் குறை, வெளிப்பரிசோதனையை முடிந்தவரை பயன்படுத்து. சாதாரணப் பிரசவம் முழுவதையும் வெளிக்கையாலேயே நடத்தலாம்.

அந்த நான்கு பிடிகளுக்கு உலகம் முழுவதும் இன்றைக்கும் லியோபோல்டின் பிடிகள் என்றுதான் பெயர். அவருக்கு முன்னாலேயே பாரிஸில் அடால்ஃப் பினார் 1878-இல் இந்த விஷயத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருந்தார். மூன்றாவது பிடிக்கு உரியவர் பிராகா நகரத்துப் பாவ்லிக். ஹாம்பர்க்கில் விகாண்டு என்பவர் 1807-லேயே, குறுக்கே கிடக்கும் குழந்தையை வெளியே இருந்தே கையால் மெல்லத் தள்ளித் திருப்பலாம் என்று எழுதினார். ஆனால் பெயர் லியோபோல்டுக்கு நின்றது நியாயம் என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் குழந்தையைக் கண்டுபிடிக்க வயிற்றைத் தொட்டார்கள். லியோபோல்டு தாயைக் காப்பாற்றத் தொட்டார். மருத்துவச்சியின் பழைய சொத்திலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு, விஷமான பாதியைக் கழித்துவிட்டு, ஒழுங்குபடுத்தி, எண் போட்டு, மறுபடியும் மருத்துவச்சிகளுக்கே சொல்லிக் கொடுத்தார். படூர் அம்மாள் தலையணையில் காட்டியது டிரெஸ்டன் பாடம்தான். ஆனால் அவர் விரல்கள் அதைச் செய்த பாவனையில் டிரெஸ்டன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கு இந்த வித்தை புத்தகமாக வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். 1880களில் எழும்பூரில் இப்போதிருக்கும் இடத்துக்கு மாறியது. அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால், டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள். ஆஸ்பத்திரி இருந்தும் பல குடும்பங்களின் பெண்களுக்கு அது இல்லாத மாதிரிதான். இதைப் பார்த்து மனம் பொறுக்காமல், சென்னையில் வக்கீலாக இருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவி மேரி ஷார்லிப், முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பயின்றார். பிறகு 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். 1885-இல் கோஷா ஸ்திரீகளுக்கென்று அவர் முயற்சியால் தோன்றிய ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

திண்டிவனத்து இரவு எது என்று கேட்பீர்கள். 1890களின் தொடக்கத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரி டாக்டர் அங்கே இருந்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். டாக்டராகவோ பாதிரியாகவோ ஆகும் உத்தேசம் அவளுக்குக் கொஞ்சமும் கிடையாது. ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு ஹிந்து. மூன்று பேர் மனைவியருக்கும் பிரசவ வேதனை. பிள்ளை வெளியே வரவில்லை. நீ வா என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றாள் ஐடா. ஓர் ஆண்பிள்ளை தொடுவதா என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா ஸ்கடர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்கென்று அங்கே ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார்.

இந்தக் கதையைப் பலரும் ஒரு பெண்மணியின் தியாகக் கதையாகவே சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு அந்த இரவில் வேறொன்று உறுத்துகிறது. மூன்று கணவன்மாரும் வந்தது நள்ளிரவில். அதாவது, எல்லாம் முற்றிய பிறகு. அந்த மூன்று வயிறுகளையும் ஒரு மாதம் முன்பே தேர்ந்த கை ஒன்று தொட்டுப் பார்த்து, 'இது எனக்கு அடங்காது' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில தடங்கல்கள் கைக்கு முன்கூட்டியே தெரியாதுதான். குறுக்கே கிடப்பது தெரியும்.

படூரிலிருந்து எழும்பூர் சுமார் 20 மைல். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். 1900-இல் மாட்டு வண்டி கட்டினால் ஓர் இரவுப் பயணம். கிழக்கே பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பட்டினி கிடந்தவர்களைக் கொண்டே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டியிருந்தார்கள். ஆனாலும் ஆள் இழுத்தும் கழி ஊன்றியும் போகிற படகு அது. பனிக்குடம் உடைந்து, குழந்தையின் கை வெளியே வந்துவிட்ட பெண்ணை அதில் ஏற்றி என்ன பிரயோஜனம்? கையால் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொண்டால், அந்த 20 மைலைப் பகலில், சாவகாசமாக, அவல் பொட்டலத்தோடு போகலாம்.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தூரத்தின் கொடுமை நன்றாகத் தெரிந்திருந்தது. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயில் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அவளுடைய தாய் புறப்பட்டு வருகிறாள், நடுவே காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில் நிற்க, இங்கே வலி எடுத்துவிடுகிறது. சிவபெருமானே தாயின் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம். பக்தி இருக்கட்டும். ஆற்றைக் கடக்க முடியாமற்போன எத்தனை பிரசவங்களுக்குப் பிறகு இந்தப் புராணம் பிறந்திருக்கும்!

சர்க்கார் மெள்ள மெள்ள விழித்துக்கொண்டது. 1903-இல் கர்ஸன் பிரபுவின் மனைவி பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர ஒரு நிதி திரட்டினார். 1926-இல் சென்னை ராஜதானியில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்த டாக்டர் ஆற்காடு லக்ஷ்மணசாமி முதலியார் 1938-இல் பிரசவ வைத்தியத்தைப் பற்றி எழுதிய பாடப் புத்தகம், பின்னால் கிருஷ்ண மேனனும் சேர்ந்து திருத்த, தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர்கள் கையில் இருந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ் கிராமத்துக்கு வந்தாள். நாவிதர் வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. இருவரையும் நாலு நாள் ஒன்றாக உட்கார வைத்துப் பேச விட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். பாட்டிக்குச் சோப்பு கிடைத்திருக்கும். நர்ஸுக்கு நாற்பது வருஷ விரல் ஞானம் கிடைத்திருக்கும்.

பிறகு இயந்திரம் வந்தது. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டு, கப்பலிலும் தொழிற்சாலையிலும் ஒலி அலையைக் கொண்டு மறைந்த பொருளைக் கண்டறியும் முறையை மனித வயிற்றுக்குத் திருப்பி, 1958-இல் 'லான்செட்' பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார். கை தடவித் தேடியதைத் திரை காட்டிவிட்டது. நம் நாட்டில் அந்தத் திரை காட்டியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதும், அதைத் தடுக்க 1994-இல் ஒரு சட்டமே செய்ய வேண்டி வந்ததும் உங்களுக்குத் தெரியும். தலை எங்கே இருக்கிறது என்று பாட்டி தேடினாள். பேரன்மார் வேறொன்றைத் தேடினார்கள்.

கையா, இயந்திரமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. இயந்திரம்தான் துல்லியம். 2006-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி, கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலிருந்த 1,633 பெண்களைக் கையாலும் பரிசோதித்து, ஸ்கானாலும் சரி பார்த்தது. தலை கீழே இல்லாத பத்துக் குழந்தைகளில் ஏழைத்தான் கை கண்டுபிடித்தது. மூன்றைத் தவற விட்டது. கைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இந்த மூன்றை மறந்துவிடக் கூடாது. அதே சமயம் ஐந்தாவது மாதத்தில் எடுத்த ஸ்கான் காகிதத்தில் 'தலை மேலே' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிற பெண்களையும், 'தலை கீழே' என்றிருப்பதைப் பார்த்து நாலு மாதம் நிம்மதியாக இருந்துவிடுகிற குடும்பங்களையும் நான் கண்டிருக்கிறேன். ஐந்தாவது மாதத்தில் குழந்தை நீச்சல் குளத்தில் இருக்கிறது. காலையில் ஒரு வாகு, மாலையில் ஒரு வாகு. கேள்வி பிறப்பது ஒன்பதாவது மாதத்தில். அப்போது வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும். சந்தேகம் வந்தால் மறுபடியும் ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும். சந்தேகப்படுவதற்கே கை வேண்டியிருக்கிறது.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் மரணம் 2018-20-இல் 54. இவற்றைப் படிக்கும்போது, திண்டிவனத்துக் கணவன்மார் மூவரையும் எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதே கணக்கெடுப்பில் வயிற்றை அறுத்து எடுத்த பிரசவங்கள் 44.9 என்றும் இருக்கிறது. ஏறக்குறையப் பாதி! பிருஷ்டம் முன்னே வரும் பிள்ளைக்கு அறுவைதான் பத்திரம் என்று 2000-இல் ஒரு பெரிய சர்வதேச ஆராய்ச்சி சொல்லியது உண்மை. ஆனால் பிருஷ்டம் முன்னே வருவது நூற்றுக்கு நாலு. பாக்கி நாற்பதுக்குக் காரணத்தை வயிற்றில் மட்டும் தேடினால் அகப்படாது. நேரம், பணம், பயம், வழக்கு என்று வேறு பல இடங்களிலும் தேட வேண்டும்.

படூரிலிருந்து கால்வாயைத் தாண்டி வடகிழக்கே போனால் கடற்கரையோரமாகக் கானத்தூர் ரெட்டிக்குப்பம். செஸிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1995-இல் அந்தக் குப்பத்துப் பெண்களோடும் சென்னை ஏழைப் பெண்களோடும் பேசிப் பழகி, தமிழ்நாட்டுப் பிரசவத்தைப் பற்றி 2003-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள்கூட உண்டு. அங்கே தங்களை நடத்திய விதத்தைத்தான் குறை சொன்னார்கள்.

இதை நான் படூர் அம்மாளிடம் சொன்னேன். அவர் தலையணை உறையிலிருந்து தேங்காயை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதல்லே சிறுநீர் போயிட்டு வரச் சொல்லணும். முழங்காலை மடக்கிப் படுக்க வெச்சு, கதவைச் சாத்தணும். அப்பறம் நம்ம கையை ரெண்டையும் தேச்சு, சூடு பண்ணிக்கினு தொடணும். சில்லுனு கை வெச்சா வயிறு இறுகிப் போயிடும். அப்பறம் தலையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது" என்றார்.

"கையைச் சூடு பண்ணிக்கொள்ளச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கு, தம்பி. ஒரு நாளைக்கு நூறு பேர் வரிசையிலே நின்னா யாருக்கு நேரம் இருக்கு? நான் சேலைத் தலைப்பிலே தேச்சுக்குவேன்."

தேங்காய் அன்று மாலை சட்னிக்குப் போயிற்று.